இருபுறமும் எழுதிய கல்

முன்னொரு காலத்தில், ராஜா நினைத்தது மறு நாழிகைக்குள் நடந்தாக வேண்டும் என்றிருந்த ஒரு நாட்டிலே, ஒரு பலாப்பழம் விழுந்ததால் ஒரு சட்டம் பிறந்தது.

அந்த நாட்டை ஆண்டவர் சிங்கவேள் மன்னர். ஒரு சந்தை நாளில் அவர் பல்லக்கில் ஏறிக் கோட்டையின் தெற்கு வாசலுக்கு வந்தபோது, அங்கே தாறுமாறாக நின்ற மாட்டுவண்டிகளுக்கு நடுவில் பல்லக்கு மாட்டிக்கொண்டது. முன்னே போகவும் வழியில்லை, பின்னே போகவும் வழியில்லை. அந்த நெரிசலில் ஒரு பாரவண்டியின் உச்சியிலிருந்து பலாப்பழம் ஒன்று உருண்டு மன்னரின் மடியில் வந்து விழுந்தது. அடி ஒன்றும் பலமில்லை. ஆனால் பார்த்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அன்று மாலைக்குள் உத்தரவு பிறந்தது. வாசலருகே வண்டி எங்கே நிறுத்தக் கூடாது என்பதை ஊரார் எல்லோரும் அறியும்படி கல்லில் வெட்டி நாட்ட வேண்டும்.

கல் நாட்டும் வேலை உத்தண்டராயரிடம் போனது. கோட்டை வாசல்களுக்கெல்லாம் அவர்தான் அதிகாரி. எதைச் செய்தாலும் நாலு பேர் வாய் பிளக்கச் செய்ய வேண்டும் என்பது அவர் சுபாவம். ஆள் உயரத்தில், யானை முதுகு அகலத்தில், மேலே பலகைபோல மட்டமாக ஒரு கல்லைக் கொண்டுவந்து வாசலுக்கு நேரே வெளியே நாட்டினார். "இக்கல்லுக்கு அப்பால் வண்டி நிறுத்தலாகாது" என்று அதில் வெட்டச் சொன்னார். உள்ளே வருகிறவர்கள் படித்தால் போதுமா, வெளியே போகிறவர்களும் தம் எழுத்தைப் படிக்க வேண்டாமா என்று அவருக்குத் தோன்றியது. பின்புறத்திலும் அதையே வெட்டச் சொன்னார்.

மீறினால் தண்டம் காசு அல்ல. மாட்டைப் பட்டியில் அடைத்துவிடுவார்கள். வண்டிக்காரன் பத்து நாள் அரண்மனை யானைக் கொட்டாரத்துக்குப் புல் அறுக்க வேண்டும். முடிந்த பிறகுதான் மாடு கைக்கு வரும். வழக்காட விரும்பினால் மன்னரிடமே முறையிடலாம். தோற்றால் தண்டம் இரட்டிப்பு.

கல் நாட்டிய மூன்றாம் நாள் அகப்பட்டவர் மருதையன்.

மருதையன் அரசவை விகடர். மன்னருக்குத் தலைவலி வந்தால் வைத்தியருக்கு முன்னால் அவருக்குத்தான் ஆள் போகும். மன்னர் தம் தட்டிலிருந்தே அவருக்கு வெற்றிலை எடுத்துக் கொடுப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் உத்தண்டராயருக்குச் சுண்ணாம்பு அதிகமானதுபோல நாக்கு எரியும். அன்று மருதையன் கல்லைப் படித்தார், அப்பால் போகக் கூடாது என்று புரிந்துகொண்டார், கல்லுக்கு இப்பாலேயே தம் சிறிய வண்டியை நிறுத்திவிட்டு நல்ல பிள்ளையாக நடந்து போனார். திரும்பி வந்தால் மாடுகளைக் காணோம். கல்லுக்கு உட்புறம் நின்ற காவலன், தான் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் அந்த வண்டி கல்லுக்கு அப்பால்தான் நிற்கிறது என்றான். அவனுக்குப் பின்னால் உத்தண்டராயர் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்.

வீட்டில் மனைவி வடிவாம்பாள் கதையைக் கேட்டாள். வழக்குக்குப் போக வேண்டாம் என்பது அவள் கட்சி.

"பத்து நாள் புல்லு அறுத்துட்டு வந்துடுங்க. உடம்புக்கும் நல்லது. வழக்குன்னு போயித் தோத்தா இருவது நாளு, அதோட அந்த மீசைக்காரரு சிரிப்பையும் பாக்கணும்."

மருதையனுக்கும் அது நியாயமாகவே பட்டது. கல்லில் எழுதியதை எதிர்த்து வாதாடினால், அகப்பட்டுக்கொண்டதால் சாக்குச் சொல்கிறான் என்றுதான் சபை நினைக்கும். தப்பு அவர் பேரில் இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தெரிவது வேறு, காட்டுவது வேறு. இரண்டு இரவு புரண்டு படுத்துவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு கொட்டாரத்துக்குப் போய்விட்டார்.

அங்கே முப்பது பேருக்கு மேல் குனிந்து புல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் அறுத்தவள் பவளாயி, வெற்றிலை விற்கிறவள். வண்டி நின்றுபோனதால் இரண்டு கட்டு வெற்றிலை அழுகிவிட்டது, அடுத்த சந்தைக்கும் போக முடியாது என்று வருத்தப்பட்டாள். வண்டியை எங்கே நிறுத்தினாய் என்று கேட்டார் மருதையன். கல்லைத் தாண்டி உள்ளே என்றாள் அவள். அந்தப் பக்கம் உப்பு வண்டிக்காரன் செங்கோடனிடம் கேட்டார். அவன் வெளியே நிறுத்தியிருந்தான்.

ஆறு நாள் புல் அறுத்துக்கொண்டே அவர் ஒவ்வொருவராகக் கேட்டு முடித்தார். உள்ளே நிறுத்தியவர்கள் பதினேழு பேர். வெளியே நிறுத்தியவர்கள் பதினாறு பேர்.

"அப்ப எங்கதான் நிறுத்தச் சொல்றாங்க?" என்று செங்கோடன் கேட்டான். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

மருதையன் அரிவாளைக் கீழே வைத்தார். இதுவரை தம் முதுகு வலியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது அவருக்குக் கூச்சமாக இருந்தது. முறையிட வாய் உள்ளவன் இங்கே நான் ஒருவன்தான், அந்த வாயை மூடிக்கொண்டு ஆறு நாள் கழித்துவிட்டேனே என்று நினைத்தார். ஏழாம் நாள் புல்லையும் அறுத்துப் போட்டுவிட்டு, புல் ஒட்டிய வேட்டியோடு நேரே சபைக்குப் போனார்.

கல் தெளிவாக இல்லை என்று அவர் முறையிட்டதும் உத்தண்டராயர் எழுந்துவிட்டார்.

"மன்னர் பெருமானே, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். படிக்கத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கல்லில் குழப்பம் ஏதும் இல்லை. ஆணைக்குக் கட்டுப்படும் எண்ணம் இருந்தால் விகடர் நாளைக் காலையில் தம் வண்டியைக் கல்லருகே நிறுத்திக் காட்டட்டும். முன்புறத்து எழுத்தையும் மீறக் கூடாது, பின்புறத்து எழுத்தையும் மீறக் கூடாது."

மன்னருக்கு இது பிடித்துவிட்டது. பலாப்பழம் விழுந்த கோபம் அவருக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை. மருதையன் நிறுத்திக் காட்டிவிட்டால் அவர் கேட்பதைத் தருவதாகவும், முடியாவிட்டால் இருபது நாள் புல்லோடு சபையில் அவருடைய ஆசனமும் போகும் என்றும் தீர்ப்புச் சொன்னார். மருதையன் ஒரு விநாடி தம் ஆசனத்தைப் பார்த்தார். பிறகு கும்பிட்டு ஒப்புக்கொண்டார்.

செய்தி கேட்டு வடிவாம்பாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். மருதையன் கொட்டாரத்துக்குத் திரும்பிப் போய் அங்கிருந்த எல்லோரையும் கூட்டி உட்காரவைத்து ஏதோ பேசினார்.

மறுநாள் விடிந்ததும், பனிமூட்டம் கலைவதற்கு முன்பே மன்னர் பரிவாரத்தோடு தெற்கு வாசலுக்கு வந்தார். உத்தண்டராயர் முதலில் கல்லுக்கு உட்புறம் பார்த்தார். வண்டி இல்லை. வெளிப்புறம் எட்டிப் பார்த்தார். அங்கேயும் இல்லை. விகடர் ஊரைவிட்டே ஓடிவிட்டார் போலிருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேலேயிருந்து ஒரு தும்மல் சத்தம் கேட்டது.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கல்லின் உச்சியில் வண்டி உட்கார்ந்திருந்தது. அச்சு கல்மேல் படிந்திருந்தது. சக்கரங்கள் பக்கத்துக்கு ஒன்றாக அந்தரத்தில் தொங்கின. வண்டிக்குள் மருதையன் சம்மணம் போட்டிருந்தார். கீழே புல் அறுத்தவர்கள் எல்லோரும் தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டு நின்றார்கள்.

"மன்னா, வெளியிலிருந்து பார்த்தால் உட்புறம் கல்லுக்கு அப்பால். உள்ளிருந்து பார்த்தால் வெளிப்புறம் கல்லுக்கு அப்பால். இந்த உலகத்தில் வண்டி நிறுத்தத் தடையில்லாத இடம் இது ஒன்றுதான். இதுவும் ஒரு வண்டிக்குத்தான் போதும்" என்றார் மருதையன்.

மன்னரின் உதடு துடித்தது. உத்தண்டராயர் விடவில்லை. வண்டி மேலே இருந்தாலும் சக்கரங்கள் கல்லைத் தாண்டித் தொங்குகின்றன, ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம், ஆகவே இரண்டு குற்றம் என்றார்.

மருதையன் குனிந்து ஒரு சக்கரத்தைக் கையால் தட்டிவிட்டார். அது கிறுகிறுவென்று சுற்றியது. நகர்ந்துபோய் மற்றதையும் தட்டிவிட்டார்.

"நிறுத்தக் கூடாது என்றுதானே எழுதியிருக்கிறீர்கள், ஐயா. இவை நிற்கவில்லையே."

மன்னர் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பரிவாரம் சிரித்தது, பல்லக்குத் தூக்கிகள் சிரித்தார்கள், மாட்டைப் பிடித்துப் போன காவலனும் ஈட்டியைப் பிடித்துக்கொண்டே சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் மருதையன் பணிவாக இன்னொன்றும் சொன்னார். அரண்மனைத் தேர் நிற்கும் கொட்டகையும் வெளியிலிருந்து பார்த்தால் கல்லுக்கு அப்பால்தான் இருக்கிறது.

"அப்படியானால் நானும் புல் அறுக்க வேண்டுமோ?" என்றார் மன்னர்.

"என் பங்கில் ஏழு நாள் முடித்துவிட்டேன், மன்னா. மீதி மூன்று நாளுக்கு அரிவாள் தீட்டித் தயாராக இருக்கிறது."

மன்னருக்கு மறுபடியும் சிரிப்பு வந்து கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. என்ன வேண்டும் என்று கேட்டார். மருதையன் தமக்கென்று எதுவும் கேட்கவில்லை. பட்டியில் உள்ள மாடுகளை எல்லாம் அவிழ்த்துவிட வேண்டும், அழுகிய வெற்றிலைக்கு ஈடு தர வேண்டும், எங்கே நிற்கக் கூடாது என்று எழுதுவதை விட்டு எங்கே நிற்கலாம் என்று காட்ட வேண்டும் என்றார். மன்னர் மூன்றுக்கும் தலையாட்டிவிட்டு, தம் தோளில் இருந்த பட்டு உத்தரீயத்தை மேலே வீசினார். ஒரு ஜோடி காங்கேயம் காளைகளையும் கொடுக்கச் சொன்னார். வாசலுக்கு வெளியே இருந்த புளியந்தோப்பு வண்டிகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. முதல் பத்து நாளைக்கு ஒவ்வொரு வண்டிக்கும் கை நீட்டி இடம் காட்டும் பொறுப்பு உத்தண்டராயருக்கு. அவருக்கு அது கசப்புத்தான். ஆனாலும் புல் அறுக்கச் சொல்லவில்லையே என்று ஒப்புக்கொண்டார்.

வண்டியை ஏற்றியதைவிட இறக்க அதிக நேரம் பிடித்தது. ஆள் போதாமல் காவலர்களும் கை கொடுத்தார்கள். உத்தண்டராயரும் ஒரு சக்கரத்தைப் பிடிக்க வேண்டியதாயிற்று. மன்னர் அரண்மனைக்குப் போகாமல், பவளாயி மடித்துக் கொடுத்த வெற்றிலையை மென்றுகொண்டு பல்லக்கில் சாய்ந்தபடி வேடிக்கை பார்த்தார்.

வண்டி தரையைத் தொட்டதுதான் தாமதம், மருதையன் புதுக் காளைகளை அவசர அவசரமாகப் பூட்டினார். அப்படி எங்கே ஓடுகிறீர், சற்று நின்று விருந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்றார் மன்னர்.

"நிற்கவா? தோப்பு வரைக்குமாவது போய்விடுகிறேன், மன்னா. கல் இன்னும் இங்கேதான் இருக்கிறது."

மன்னர் வாயிலிருந்த வெற்றிலை தெறிக்கச் சிரித்தார்.