துடைத்ததும் போன மை

காலை பத்தேகால். மேசை மேல் ஆறு கல் உருளைகள். ஏழாவதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார் சூசைமாணிக்கம்.

"ரிப்போர்ட்ல 'கல் தாங்கவில்லை'ன்னு எழுதியிருக்கீங்க மேடம். எங்கே உடைஞ்சிருக்கு? காட்டுங்க."

குரல் வராந்தா வரை கேட்டது.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. முப்பது வருடம் கருங்கல் குவாரி. இப்போது ஒரு குடிநீர்த் திட்டத்துக்குப் பொறியாளர். மணற்கல்லைப் பற்றிக் கற்றுக்கொண்டு வரச் சொல்லி, ஆபீஸ் அவரை மூன்று மாதம் இந்தச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பியிருந்தது. கற்றுக்கொடுக்கும் மெஹருன்னிசா அவரைவிடப் பதினாறு வயது இளையவர்.

மெஹருன்னிசா நிமிரவில்லை.

"சத்தம் கேட்டுச்சா சார்?"

"அதைத்தானே சொல்றேன்! ரெண்டாயிரம் அடி ஆழத்துல இருக்கிற அழுத்தம். நாலா பக்கமும் எண்ணெயை வச்சு நெருக்கினீங்க. காதைத் தீட்டிக்கிட்டுப் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். முணுக்குன்னு ஒரு சத்தம் இல்லை. கருங்கல் உடைஞ்சா ஊரைக் கூட்டும்."

"விரிசல்?"

"மை தடவிப் பார்த்தேன். குவாரியில அப்படித்தான் பார்ப்போம். விரிசல் இருந்தா, துடைச்ச பிறகும் கோடு நிக்கும். பாருங்க, கழுவின தட்டு மாதிரி இருக்கு."

இருந்தது.

சட்டைப்பையிலிருந்து, 'கல் தாங்கும்' என்று தானே எழுதிய ஒரு தாளை எடுத்து மேசையில் அறைந்தார்.

"கையெழுத்துப் போடுங்க. சுனைக்கரிசல்ல இன்னும் நாலு பம்பு ஓடினாத்தான் டவுனுக்குத் தண்ணி. அந்த ஊர்க்காரங்க வேற மனு மேல மனு. பள்ளிக்கூடத்து போர் குழாய் வருஷா வருஷம் வளருதாம். இரும்பு வளருமா மேடம்? கருவேல மரமா அது?"

மெஹருன்னிசா இழுப்பறையிலிருந்து இன்னொரு உருளையை எடுத்தார். இன்னும் அழுத்திப் பார்க்காத கல். மைப்புட்டியை அதன் பக்கத்தில் நகர்த்தினார்.

"இதுக்கும் தடவுங்க."

தடவினார்.

"துடைங்க."

துடைத்தார். எச்சில் தொட்டுத் துடைத்தார். கைக்குட்டை நீலமானது. கல்லிலிருந்து மை போகவில்லை.

"இந்தக் கல்லு சரியில்லை."

"சுனைக்கரிசல் ஆழத்துலேர்ந்து நீங்க கொண்டுவந்த கல்லுதான். ரெண்டும் ஒரே துண்டு. ஒரே நீளத்துக்கு நீங்கதான் அறுத்தீங்க."

"அப்போ இது குடிக்குது, அது ஏன் குடிக்கலை?"

மெஹருன்னிசா இரண்டு கற்களையும் பக்கம் பக்கமாக நிற்க வைத்தார். சூசைமாணிக்கத்தின் இரும்பு அளவுகோலை எடுத்து, இரண்டின் தலையிலும் பாலம் போல வைத்தார்.

அளவுகோல், அழுத்திப் பார்த்த கல்லின் பக்கம் சரிந்து நின்றது.

சூசைமாணிக்கம் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ஒரு வார்த்தை சொல்லலையே இந்தக் கல்லு."

"கல்லுதான் சொல்லலை." முதல் முறையாக மெஹருன்னிசாவின் குரல் உயர்ந்தது. "மனு எத்தனை சார் வந்துச்சு?"

"பதினொண்ணு."

"படிச்சீங்களா?"

சூசைமாணிக்கம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"குழாய் வளரலை. தண்ணியை எடுக்க எடுக்க அடியில கல்லோட துளையெல்லாம் நசுங்குது. தரைதான் இறங்குது," என்றார்.

தாளை எடுத்து, எழுதியிருந்ததைக் குறுக்கே அடித்தார். கீழே தன் கையால் எழுதினார்: கல் தாங்கவில்லை.

2019 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, சுனைக்கரிசலில் பம்புகள் நிறுத்தப்பட்டன. பள்ளிக்கூட வாசலில் போர் குழாய் அன்று தரைக்கு மேல் மூன்றேகால் அடி நின்றது. இறக்கும்போது விட்டது இரண்டடி. பள்ளிச் சுவரில் ஒரு விரிசலும் இல்லை.