நாலு முட்டையும் நானூறு குதிரையும்

காடு முடிந்து ஏரி தொடங்கும் பொட்டலில் ஓர் ஆட்காட்டிக் குருவி நாலு முட்டை இட்டிருந்தது. கூடு கிடையாது. அந்த இனத்துக்கே கூடு கட்டும் வழக்கம் இல்லை. வெறுந்தரையில் நாலு கூழாங்கல்லை ஒதுக்கிவிட்டு, நடுவில் இட்டுவிடும்.

அன்று விடிந்ததும் முட்டைக்குள்ளிருந்து ‘கிச், கிச்’ என்று சத்தம் கேட்டது. ஓட்டில் மயிரிழை போல ஒரு விரிசல். பொழுது சாய்வதற்குள் குஞ்சுகள் வெளியே வந்துவிடும். வந்த கையோடு ஓடவும் செய்யும். ஒரே ஒரு பகல் போதும்!

அந்த ஒரு பகலுக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. பிரெஞ்சுச் சக்கரவர்த்தியின் பெயரைக் கேட்டாலே கிழக்கிந்தியக் கும்பினித் துரைகளுக்குத் தூக்கம் கெட்ட காலம் அது. அவருக்கு வேண்டியவர் என்று சொல்லி, ஒரு பாளையக்காரர் மேல் படையெடுத்து வந்திருந்தார்கள். பொட்டலுக்குக் கிழக்கே கும்பினியின் இருநூறு குதிரைகள். மேற்கே பாளையக்காரரின் இருநூறு குதிரைகள். சண்டை நாளில் வயிறு கனக்கக் கூடாது என்று எந்தக் குதிரைக்கும் காலைக் கொள்ளு வைக்கவில்லை. நட்டநடுவில் ஆட்காட்டி!

அதன் புருஷன் வானத்தில் வட்டமடித்துக் கத்திக்கொண்டிருந்தது. அதற்கு அது ஒன்றுதான் தெரியும்.

ஆட்காட்டி கிழக்கே பறந்தது. முன்வரிசையில் மேஜர் என்ற ஆறடிக் குதிரை நின்றது.

“ஐயா, நடுவில் என் முட்டைகள் இருக்கின்றன. சண்டையை நாளைக்குத் தள்ளிப்போடக் கூடாதா?”

“தள்ளிப்போட நான் யார்? எக்காளம் ஊதினால் ஓடுவோம். வேறு மாதிரி ஊதினால் நிற்போம். ஏன், எதற்கு என்று கேட்கிற வழக்கம் எங்கள் படையிலேயே இல்லை!”

“நசுங்கிப் போகுமே ஐயா!”

“அதை எக்காளத்திடம் போய்ச் சொல்!”

ஆட்காட்டி மேற்கே பறந்தது. அங்கே கருடன் என்ற குதிரை தரையைக் கிளறிக்கொண்டிருந்தது.

“நிற்பதா? நாங்களா?” என்று கனைத்தது கருடன். “முதலில் அவர்களை நிற்கச் சொல்! ஊதினால் ஆடுகிற கும்பினிக் குதிரை என்று என்னையும் நினைத்தாயா?”

ஆட்காட்டியின் கண் கருடனின் தொடையில் பட்டது. அங்கே ஒரு சூட்டுக்குறி. “இது கும்பினி முத்திரை மாதிரி இருக்கிறதே, ஐயா?”

“அது... அது மச்சம்!”

ஆட்காட்டி வரிசையைப் பார்த்தது. இருநூறு குதிரைக்கும் ஒரே இடத்தில் ஒரே மச்சம்! எல்லாம் போன சண்டையில் பிடிபட்ட குதிரைகள். அதற்கு ஒன்று நினைவு வந்தது. மூன்று நாளாகக் கிழக்கே கொள்ளு வைக்க எக்காளம் ஊதும்போதெல்லாம், மேற்கேயும் இருநூறு ஜோடிக் காதுகள் நிமிர்ந்தன.

ஏரிக்கரை மருத மரத்தில் ஒரு கரிச்சான் குருவி இருந்தது. பூனை, பருந்து, தச்சன் ரம்பம், எது கேட்டாலும் அப்படியே பாடிக் காட்டும். ஆட்காட்டி மூச்சிரைக்க அங்கே போய்ச் சேர்ந்தது.

“கரிச்சான் தம்பி! எக்காளம் ஊதத் தெரியுமா?”

“தெரியுமாவா? ஐந்து ஊதல் ஊதுவேன் அக்கா, ஊதுகிறவனே அசந்து போவான்!”

“அதில் கொள்ளு ஊதல் எது?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் பாடகன். என்னிடம் அர்த்தம் கேட்டால் எப்படி?”

“முடிக்கும்போது விக்கல் எடுத்த மாதிரி இருக்கும், தம்பி!”

“விக்கலா? இதுவா பார்!”

ஊதியது. கிழக்கே இருநூறு குதிரைகளும் காதைப் பின்னால் மடித்துக்கொண்டு பாய்ந்தன.

“ஐயோ! அது பாய்ச்சல் ஊதல்!”

அதைக் கண்டு மேற்கேயும் பாய்ந்தார்கள். தரை அதிர்ந்தது. கூழாங்கற்கள் துள்ளின. ஆட்காட்டி ஒரே பறப்பாகப் போய் முட்டைகள் மேல் சிறகை விரித்துப் படுத்தது. அடியில் இன்னும் ‘கிச், கிச்’ என்றது.

கரிச்சான் பதறிப்போய் அடுத்ததை ஊதியது. அது படுக்கை ஊதல். ஓட்டத்திலேயே ஏழெட்டுக் குதிரைகள் கொட்டாவி விட்டன. வேகம் மட்டும் குறையவில்லை. அறுபது முழம். ஐம்பது முழம்.

ஆட்காட்டி தலையைத் தூக்கி, கொள்ளு ஊதலின் அந்தக் கடைசி விக்கலை மட்டும் தன் கிறீச்சுக் குரலில் கத்தியது. “டிட்! டிட்!”

“இதுவா? முதலிலேயே இப்படிச் சொல்லியிருக்கலாமே அக்கா!” என்று கரிச்சான் தொண்டை கிழிய ஊதியது.

முட்டைக்கு இருபது முழம் இருக்கும்போது நானூறு குதிரைகளும் ஒரே திருப்பாகத் திரும்பி, மருத மரத்தை நோக்கி ஓடின! வாளை ஓங்கியவர்கள் ஓங்கியபடியே ஏரிச் சேற்றில் போய் விழுந்தார்கள்.

“யாரடா நீ? எந்தப் பக்கம்?” என்று சேற்றிலிருந்து கேட்டார் கும்பினி சுபேதார்.

“முகத்தைக் கழுவிவிட்டுச் சொல்கிறேன், இருங்கள்!” என்றது பக்கத்துச் சேறு.

மரத்தடியில் மேஜரும் கருடனும் மூக்கோடு மூக்கு இடித்துக்கொண்டன.

“நீ நம் மூன்றாம் லாயத்துக் குதிரைதானே?”

“மெதுவாகப் பேசு! கொள்ளு எங்கே?”

“அதைத்தான் நானும் தேடுகிறேன்!”

எல்லாவற்றுக்கும் ஒரே மச்சம். எது யார் குதிரை என்று பிரித்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. எதிரியைச் சிதறடித்தோம் என்று இரண்டு தளபதிகளும் கடிதம் எழுதினார்கள். பொய் என்றால் அந்த மருத மரத்தைக் கேட்டுப் பாருங்கள்.

அதற்குள் நாலு முட்டையும் பொரிந்தன. நாலு குஞ்சுகளும் தள்ளாடித் தள்ளாடி, தாய்க்குப் பின்னால் நாணலுக்குள் போய்ச் சேர்ந்தன.

மறுநாள் காலையில் பொட்டலில் மறுபடியும் எக்காளம் கேட்டது. ஆட்காட்டி திடுக்கிட்டு மருத மரத்தைப் பார்த்தது.

“இது நான் இல்லை, அக்கா” என்றது கரிச்சான்.

இருநூறும் இருநூறும் பாய்ந்தன. எத்தனை உயிரோடு திரும்பின என்று ஆட்காட்டி எட்டிப் பார்க்கவில்லை. குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டது.

ஏன் என்று கேட்காமல் ஓசைக்கு ஓடப் பழகியவர்களை, கொள்ளுக்கும் ஓட்டலாம், கொலைக்கும் ஓட்டலாம். ஊதத் தெரிந்திருந்தால் போதும்.