வெள்ளெலியின் கதவும் பழைய கைப்பேசியும்

ஒரு காட்டில், ஓடைக்கரைச் சரிவில், வெள்ளெலி ஒன்று தன் குட்டிகளோடு வளை தோண்டி வாழ்ந்து வந்தது. அதற்கு ஒரு குணம் உண்டு. எதற்கெடுத்தாலும் பதறும். காற்று அடித்தால் பதறும். அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை என்று பதறும்.

அந்தக் காட்டு விலங்குகளிடம் கைப்பேசி இருந்தது. காட்டில் ஏது கைப்பேசி என்று கேட்காதீர்கள், பிள்ளைகளே. எலி பேசப் போகிறது என்பதை மட்டும் நம்பிவிட்டீர்களே, இதையும் நம்பிவிடுங்கள்.

வெள்ளெலியிடம் இருந்தது பழைய கைப்பேசி. ஒரு மூலையில் கீறல் விழுந்திருந்தது. மற்றபடி ஒரு குறையும் சொல்ல முடியாது. கூப்பிட்டால் பேசும், அழுத்தினால் விளக்கு எரியும்.

ஒருநாள் குரங்கு அந்தப் பக்கம் வந்தது. குரங்கின் குணம் வாய்ச் சாமர்த்தியம்.

"என்னக்கா இது? வெளிய போறப்பல்லாம் மண்ணை அள்ளி அள்ளி வாசலை அடைக்கிறீங்க. இன்னுமா இந்தக் கஷ்டம்? கல் கதவு ஒண்ணு வச்சுத் தரேன். உங்க கைப்பேசியில 'வாசல்'னு ஒரு செயலி போட்டுத் தரேன். அழுத்தினா திறக்கும். நீங்க வெளிய வந்தா தானா மூடிக்கும்."

"பாம்பு வந்தா?"

"பாம்புக்கு விரல் இருக்கா அழுத்துறதுக்கு?"

வெள்ளெலிக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துவிட்டது. கதவு வைத்தாயிற்று. அழுத்தினால் திறந்தது, வெளியே வந்தால் மூடியது. வெள்ளெலி அன்று நிம்மதியாகத் தூங்கியது.

மறுநாளே நிம்மதி போயிற்று. கைப்பேசித் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னியது. அதன் கீழே, "உங்கள் வீட்டில் பாதுகாப்பற்ற வழி ஒன்று உள்ளது" என்று எழுதியிருந்தது.

அது பின்வழி. வெள்ளெலிகள் எல்லாமே வீட்டுக்குப் பின்னால் மேல்நோக்கி ஒரு வழி தோண்டும். ஆனால் முழுவதும் தோண்டாது. தரைக்குக் கீழே மெல்லிய மண் படலத்தை விட்டுவிடும். வெளியே இருந்து பார்த்தால் அங்கே வழி இருப்பதே தெரியாது. முன்வாசலில் ஆபத்து என்றால் தலையால் ஒரு முட்டு, அவ்வளவுதான், வெளியே வந்துவிடலாம்.

"அதை அடைச்சிடுங்கக்கா. அது இருக்கிற வரைக்கும் புள்ளி போகாது" என்றது குரங்கு.

சாப்பிடும்போதும் புள்ளி மின்னியது. குட்டிகளுக்குப் பால் கொடுக்கும்போதும் மின்னியது. வெள்ளெலியால் தாங்க முடியவில்லை. ஓடையில் இருந்து கல் கல்லாகக் கவ்விக்கொண்டு வந்து பின்வழியை அடைத்தது. பதறுகிறவர்கள் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை. இடுக்கு விடாமல் இறுக்கி அடைத்தது. புள்ளி பச்சையாயிற்று.

மேல்சரிவில் குடியிருந்த முள்ளம்பன்றியும் அதே கதவை வாங்கியிருந்தது. அதனிடம் இருந்ததும் பழைய கைப்பேசி; அதன் வளைக்கும் ஒரு பின்வழி உண்டு, அதனால் அதன் திரையிலும் சிவப்புப் புள்ளி மின்னியது. ஆனால் முள்ளம்பன்றிக்குச் சோம்பல். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கிப்போயிற்று.

இப்படியே கோடை போயிற்று. ஒரு காலையில் வெள்ளெலியின் திரையில் புதிய செய்தி வந்தது.

"பழைய கைப்பேசிகளில் 'வாசல்' செயலி விரைவில் இயங்காது."

வெள்ளெலி உடனே குரங்கு இருக்கும் அத்திமரத்துக்கு ஓடியது.

"அண்ணே, என் கைப்பேசி நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்குக்கா. ஆனா பழசு."

"கதவும் நல்லா இருக்கே?"

"அதுவும் நல்லா இருக்கு. ரெண்டும் இனிமே பேசிக்காது, அவ்வளவுதான். புதுக் கைப்பேசி வாங்கிடுங்க. மழைக்காலத்துக்குச் சேர்க்கிற தானியத்தைக் கொடுத்தா போதும்."

"அதைக் கொடுத்துட்டு என் புள்ளைங்க என்ன திங்கும்? சரி, விரைவில்னா எப்போ?"

"விரைவில்னா விரைவில்தான்கா."

அன்றிலிருந்து வெள்ளெலி படாத பாடு பட்டது. கதவைத் திறந்து பார்க்கும். திறந்தால் பெருமூச்சு விடும். மூடியதும், அடுத்த தடவை திறக்குமோ என்று மறுபடியும் அழுத்திப் பார்க்கும். ஒரு குச்சியைக் குறுக்கே வைத்துக் கதவை மூடாமல் நிறுத்தப் பார்த்தது. கதவு குச்சியை நொறுக்கிவிட்டு மூடிக்கொண்டது. குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து வாசலுக்கு ஓடும். அவை வாயைத் திறந்தபடி விழிக்கும்.

கடைசியில் அது ஒரு முடிவுக்கு வந்தது. "வேற வழியில்ல. ரெண்டு மடங்கு தானியம் சேர்ப்போம். ஒண்ணு வீட்டுக்கு, ஒண்ணு குரங்குக்கு."

முன்பெல்லாம் பக்கத்திலேயே பொறுக்கும் வெள்ளெலி, அன்று காட்டோரத்துச் சோளக்கொல்லை வரை போயிற்று. கன்னம் புடைக்கக் கதிர்மணிகளை அடக்கிக்கொண்டு நிமிர்ந்தால், மேற்கே வானம் கறுத்திருந்தது. ஓட்டமாக ஓடி வந்து வாசலில் நின்றது. அழுத்தியது.

கதவு திறக்கவில்லை.

"இந்தக் கைப்பேசிக்கான ஆதரவு நிறுத்தப்பட்டது" என்றது திரை.

வெள்ளெலி மறுபடி அழுத்தியது. திரையைத் துடைத்துவிட்டு அழுத்தியது. கைப்பேசியை அணைத்து, உயிர்ப்பித்து, அழுத்தியது. உள்ளே குட்டிகளின் கீச்சுக்குரல் கேட்டது. அம்மா வந்துவிட்டாள் என்று அவற்றுக்குத் தெரிந்துவிட்டது. முதல் மழைத்துளி கல்லின் மேல் விழுந்தது.

வெள்ளெலி மணிகளைத் துப்பிவிட்டு, கொட்டத் தொடங்கிய மழையில் அத்திமரத்துக்கு ஓடியது. குரங்கு அடர்ந்த கிளைக்குக் கீழே நனையாமல் உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தது.

"அண்ணே! புள்ளைங்க உள்ள மாட்டிக்கிச்சு. வந்து கதவைத் திற!"

"நான் விக்கிறவன்தானேக்கா. திறக்கிறது என் கையில இல்ல."

"யார் கையில இருக்கு?"

"மலை உச்சியில. அங்கதான் செயலி பண்றாங்க. சொல்லி வைக்கிறேன், பதில் வரும்."

"ஓடையில தண்ணி ஏறுது! உன் கைப்பேசி புதுசுதானே? அதுல திற!"

"இதுல உங்க வீடு வராதேக்கா."

"உன் வீட்டுக் கதவு மட்டும் வருமா?"

குரங்கு சிரித்தது. "மரத்துக்கு எதுக்குக்கா கதவு?"

வெள்ளெலிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. திட்டுவதற்கு நேரமில்லை. திரும்பி ஓடியது.

அதற்குள் ஓடை கரையைத் தாண்டியிருந்தது. கலங்கிய தண்ணீர் கதவின் அடி இடுக்கு வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. கீச்சுக்குரல் இப்போது வேறு மாதிரி கேட்டது. வெள்ளெலி கைப்பேசியாலேயே கல் கதவை மடார் மடார் என்று அடித்தது.

"யாரது, தூங்க விடாம?" மேல்சரிவில் ஒரு புதரைத் தள்ளிக்கொண்டு முள்ளம்பன்றி தலை நீட்டியது.

"கதவு திறக்கலண்ணே!"

"எனக்குந்தான் திறக்கல. நேத்தே திறக்கலன்னு நினைக்கிறேன். நான் பின்வழியா போயிட்டு வந்துட்டிருக்கேன்."

"என் பின்வழியை நான் அடைச்சுட்டேனே!"

"அடைச்சா என்ன? தோண்டு. நீ எலிதானே?"

வெள்ளெலி தன் முன்கால்களைப் பார்த்தது. நகங்கள் அங்கேயேதான் இருந்தன. எத்தனையோ நாளாக அவற்றால் அது அழுத்த மட்டுமே செய்திருந்தது.

கைப்பேசியைப் போட்டுவிட்டுச் சரிவின் மேல் பாய்ந்தது. ஆவாரம் புதரின் அடியில் பின்வழி முடியும் இடம் அதற்குக் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். மண்ணை வாரி எறிந்தது. கல் தட்டுப்பட்டது. தானே இறுக்கி வைத்த கல். அசைத்துப் பார்த்தது, அசையவில்லை. பாவி, எதற்கு இப்படி அடைத்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு கல்லின் ஓரத்து மண்ணைப் பறித்தது.

"கல்லை இப்படித் தள்ளு, நான் உருட்டுறேன். உருட்டுறதுன்னா உட்கார்ந்தே செய்யலாம்" என்று முள்ளம்பன்றி பக்கத்தில் வந்து அமர்ந்தது.

ஒவ்வொரு கல்லாக வெளியே வந்தது. வெள்ளெலியின் நகங்களில் இரத்தம் கசிந்தது. கடைசிக் கல் நகர்ந்ததும் தலைகீழாக உள்ளே இறங்கியது.

உள்ளே இடுப்பளவுத் தண்ணீர். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகக் கழுத்தைக் கவ்வி மேலே கொண்டுவந்து முள்ளம்பன்றியின் காலடியில் போட்டது. எல்லாவற்றுக்கும் அடியில் அகப்பட்டிருந்த கடைக்குட்டி அசையவில்லை. வெள்ளெலி அதன் வயிற்றை நக்கியது. முதுகை நக்கியது. அழுதுகொண்டே நக்கியது. மழை கொட்டிக்கொண்டே இருந்தது. கடைக்குட்டி ஒருமுறை தும்மியது, பிறகு வீலென்று கத்தியது. வெள்ளெலி அதை மார்போடு அணைத்துக்கொண்டது.

அன்று எல்லாரும் முள்ளம்பன்றி வீட்டில் தங்கினார்கள். இடம் நெருக்கடி, முள் வேறு குத்தியது. யாரும் குறை சொல்லவில்லை.

மறுநாள் மழை விட்டது. மேட்டுநிலத்தில் வெள்ளெலி புது வளை தோண்டிக்கொண்டிருந்தபோது குரங்கு வந்தது.

"கேள்விப்பட்டேன்கா. மனசே ஆறல. அதான் உங்களுக்குன்னு புதுசு எடுத்து வச்சிருக்கேன். பாதித் தானியம் கொடுங்க போதும். புது வீட்டுக்குப் புதுக் கதவும் வச்சுடலாம்."

வெள்ளெலி மண்ணைத் தட்டிவிட்டுப் புதுக் கைப்பேசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கீறல் இல்லாமல் பளபளத்தது.

"அழகாத்தான் இருக்கு. ஒண்ணே ஒண்ணு சொல்லு. இது எப்போ பழசாகும்?"

குரங்கு மலை உச்சியைப் பார்த்தது, தலையைச் சொறிந்தது.

"அது… மேல கேட்டுத்தான்கா சொல்லணும்."

"கேட்டுட்டு வா" என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தது வெள்ளெலி. "அதுவரைக்கும் நான் தோண்டிக்கிட்டு இருக்கேன்."

நீதி: வசதிக்காக எதையும் வாங்கலாம்; ஆனால் நம் வீட்டுக்குள் போகும் கடைசி வழியைப் பிறர் கையில் கொடுத்துவிடக் கூடாது.