புலிக்குரல் பழகிய மான்

காட்டின் நடுவே, நாவல் மரங்கள் சூழ ஒரு மடு இருந்தது. அதன் கரையில் மானும் மந்தியும் மயிலும் காட்டெருமையும் கானாங்கோழியும் அண்டை அயலாக வாழ்ந்தன. விடிந்ததும் எல்லாம் தண்ணீர் குடிக்க வரும். குடித்துவிட்டு, தங்களைப் படைத்த ஆண்டவரை அவரவர் குரலில் துதிக்கும். மயில் அகவும். எருமை முக்காரமிடும். கோரைப்புல்லுக்குள்ளிருந்து கானாங்கோழி, “கொர்வாக்! கொர்வாக்!” என்று கத்தும். கேட்க இனிமையாக இராது. ஆனாலும் யாரும் குறை சொன்னதில்லை.

ஒருநாள் நரி அங்கே வந்தது.

“உங்களுக்குச் சேதி தெரியுமா? இந்தக் காட்டுக்குப் புலியார் வந்திருக்கிறார். தம்மைப் போல உறுமுகிறவர்களை அவர் தொடவே மாட்டாராம்! மற்றவர்களை விடமாட்டாராம்!”

மான் நடுங்கியது. அதற்கு ஒரே ஒரு குட்டி.

“எங்களை ஆண்டவர் காப்பாரே, நரியண்ணா!” என்றது மெல்ல.

“ஆண்டவரை யார் பார்த்தார்கள்? புலியை நான் பார்த்தேன்!” என்றது நரி. “இனி விடியற்காலையில் இந்தக் கூச்சலெல்லாம் வேண்டாம். எல்லாரும் ஒரே குரலாக உறுமுங்கள். எப்படியென்று நான் பழக்கிவிடுகிறேன்.”

பயம் எதையும் கற்றுக்கொடுத்துவிடும். மந்தி முதலில் கற்றது. தொண்டையை இறுக்கி, மார்பைப் புடைத்து, அசல் புலி போலவே உறுமியது. மயில் தட்டுத்தடுமாறிக் கற்றது. மான் தொண்டை புண்ணாகும்வரை பழகியது. குட்டி முதலில் மிரண்டு ஓடியது. பிறகு அதுதான் அம்மாவின் குரல் என்று பழகிக்கொண்டது.

கானாங்கோழி மட்டும் மறுத்துவிட்டது.

“ஏய், உன்னால் எங்களுக்கும் ஆபத்து வரும்!” என்று மந்தி சீறியது.

“எனக்கும் பயம்தான், அக்கா. இந்தக் குரலை எனக்குத் தந்தவர் ஆண்டவர். இதை வைத்துத்தான் அவரைக் கூப்பிடுகிறேன். இதை விட்டுவிட்டுப் புலியைப் போல உறும என்னால் முடியாது.”

“அப்படியானால் எங்கள் பக்கம் இருக்காதே!” என்றது மயில்.

மற்றவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. கானாங்கோழி தண்ணீரைக் கடந்து, முள்புதர் மண்டிய எதிர்க்கரைக்குப் போனது. அங்கே இரை குறைவு. பேச்சுத்துணை இல்லை. சில காலைகளில் அதற்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே துதித்தது.

இதற்கிடையில் கரையில் ஒரு காட்டுப்பன்றியைக் காணவில்லை. பிறகு ஒரு முயலைக் காணவில்லை.

“சரியாக உறுமியிருக்க மாட்டார்கள்!” என்றது நரி. மற்றவை இன்னும் பலமாக உறுமின.

மார்கழி பிறந்தது. ஒருநாள் காலையில் மடுவின்மேல் பனி இறங்கி, எதிரே நிற்பவர் முகம்கூடத் தெரியவில்லை. மடுவைச் சுற்றி மேய்ந்துகொண்டே போன மான்குட்டி தாயை விட்டு விலகி, எதிர்க்கரைப் பக்கம் போய்விட்டது. மான் பதறி உறுமியது. அதே நேரத்தில் எதிர்க்கரையிலும் ஓர் உறுமல் கேட்டது.

குட்டி காதை நிமிர்த்தியது. எதிர்க்கரை உறுமல்தான் அதற்குப் பக்கத்தில் கேட்டது. “அம்மா!” என்று மகிழ்ந்து, அதை நோக்கி நடந்தது.

குட்டி முள்புதரை ஒட்டி வந்தபோது, உள்ளே இருந்த கானாங்கோழி அதைப் பார்த்தது. குட்டி நடந்த வழியில், கிட்டத்திலேயே புல்லோடு புல்லாகப் பதுங்கியிருந்தது அசல் புலி!

“குட்டி, போகாதே! அது உன் அம்மா இல்லை!” என்று கத்தியது. குட்டி நிற்கவில்லை. கானாங்கோழி படபடவென்று தண்ணீருக்கு மேலே பறந்து மானிடம் வந்து விழுந்தது.

“அக்கா! உன் பிள்ளை புலியிடம் போகிறது! கூப்பிடு!”

மான் இன்னும் பலமாக உறுமியது.

“ஐயோ, அந்தக் குரலில் இல்லை! உன் குரலில் கூப்பிடு!”

பக்கத்தில் நின்ற நரி பல்லைக் காட்டியது. “குரலை மாற்றினால் புலியாரிடம் சொல்லிவிடுவேன்!”

மான் ஒரு கணம் தயங்கியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, “ஆண்டவரே!” என்றது. எத்தனையோ நாளாக மறந்திருந்த தன் சொந்தக் குரலில் குட்டியைக் கூப்பிட்டது. புண்பட்ட தொண்டையிலிருந்து அது மெலிந்துதான் வந்தது.

குட்டி சட்டென்று நின்றது. பிறந்த அன்று கேட்ட குரல் அது! திரும்பி நாலுகால் பாய்ச்சலில் ஓடியது. புலி தாவியது. தாவிய இடத்தில் குட்டி இல்லை. புலி இடுப்பளவு சேற்றில் விழுந்தது.

மான் கூப்பிட்டதைக் கேட்ட மந்தி, மரத்தில் ஏறி, பனியின் ஊடே புலியைப் பார்த்துத் தன் இனத்தின் எச்சரிக்கைக் குரலைக் கொடுத்தது. மயில் அகவியது. காட்டெருமைகள் ஓடிவந்து, புலிக்கு எதிரே கொம்பைத் தாழ்த்திக்கொண்டு வரிசையாக நின்றன. சேற்றிலிருந்து எழுந்த புலி அந்த வரிசையைப் பார்த்துவிட்டு, வந்த வழியே போனது.

“இத்தனை நாளும் யார் உறுமினாலும் ஒரே மாதிரி இருந்தது. புலி வந்தது நமக்குத் தெரியாமலே போனது!” என்றது மந்தி. “நரியே, புலி தின்ற மிச்சம் யாருக்குப் போனது?”

கொம்புகள் தன் பக்கம் திரும்புமுன் நரி ஓட்டம் பிடித்தது.

மான் கானாங்கோழியின் முன் தலை குனிந்தது. “உன்னைத் துரத்தினோமே, தங்கச்சி. எங்களுக்காக ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்பாயா?”

“நீயே கேள், அக்கா. உன் சொந்தக் குரலைக் கேட்கத்தான் அவர் இத்தனை நாளும் காத்திருந்தார்” என்றது கானாங்கோழி.

மான் குட்டியை நக்கிக்கொடுத்தபடியே ஜெபித்தது. பனி விலகத் தொடங்கியது.

ஆண்டவர் ஒவ்வொருவரையும் வெவ்வேறாகப் படைத்திருப்பது ஒருவருக்கொருவர் உதவத்தான். ஆகவே பிறருடைய வேறுபாட்டை மதித்து, பயம் வரும் நாளிலும் நம்மைப் படைத்தவருக்கே உண்மையாயிருக்க வேண்டும்.