வார்டு டாக்டரின் நாற்காலி

குருவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. சீடர் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். குரு சீடரை 'சார்' என்று கூப்பிடுவார். சீடர் குருவை 'மேடம்' என்பார். இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அவர்கள் இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

குருவின் பெயர் டாக்டர் கிருபாவதி. தாமிரபரணிப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், வார்டில் படுத்திருப்பவர்களைக் காலை முதல் மாலை வரை கூடவே இருந்து பார்த்துக்கொள்வது அவர் வேலை. அந்த வேலைக்கு 'ஹாஸ்பிடலிஸ்ட்' என்று நவீனமாக ஒரு பெயர் இருக்கிறது. சொன்னால் யாருக்கும் விளங்காது என்பதால் எல்லோரும் வார்டு டாக்டர் என்றே சொல்லிவந்தார்கள்.

சீடர் டாக்டர் கோமதிநாயகம் ஒரு காலத்தில் பேர்போன சர்ஜன். கை லேசாக நடுங்க ஆரம்பித்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். வைக்க மனசு வந்ததே பெரிய விஷயம். பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியாமல் வார்டு வேலையைக் கற்றுக்கொள்ள வந்தார். சில மாதங்கள் ஆகியும் மனது ஒட்டவில்லை.

அன்று காலை டீ குடிக்கும்போது அவரே ஆரம்பித்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

"இதயம்னா அதுக்கு ஒரு டாக்டர் வர்றார். கிட்னிக்கு ஒருத்தர், வயித்துக்கு ஒருத்தர். நேத்து ஒரு அம்மா, 'நீங்க எதுக்கு டாக்டர்?'ன்னு என்கிட்ட கேட்டுட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"பிரஷர் பார்த்துட்டு வந்துட்டேன்."

கிருபாவதி சிரித்தார். கோமதிநாயகம் சிரிக்கவில்லை.

"என் சிநேகிதன் இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல ஒரு வேலை வச்சிருக்கான். சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். போயிரலாம்னு பார்க்கிறேன். இங்க நான் டாக்டரா, இல்ல எல்லா டாக்டருக்கும் தபால்காரனான்னே தெரியல."

வாழ்நாளெல்லாம் டாக்டராகவே இருந்தவர். வேறு எதுவாக இருக்கவும் அவருக்குத் தெரியாது.

கிருபாவதி டீயை முடித்துவிட்டு வேறு எதையோ கேட்டார்.

"ஜன்னலோரத்துல ஆவுடையப்பன்னு ஒருத்தர் இருக்காரே, எப்படி இருக்கார்? ரெண்டு நாளா நான் லீவு. இன்னும் பார்க்கல."

ஆவுடையப்பன் கல்யாண வீட்டுச் சமையல்காரர். அடுப்படியில் மயங்கி விழுந்ததால் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். இதய டாக்டரும் வயிற்று டாக்டரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரத்த டெஸ்ட் எல்லாம் நல்லா இருக்கு மேடம். ஆள்தான் சரியில்ல. வந்தன்னிக்கு வாய் ஓயாம பேசினவர், இப்ப சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துட்டார். எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டறார். மூளையில ஏதாவது இருக்குமோன்னு ஸ்கேனுக்கு எழுதியிருக்கேன். நரம்பு டாக்டரையும் வரச் சொல்லியிருக்கேன்."

கிருபாவதி வார்டுக்குப் போனார். ஆவுடையப்பனின் கையை அழுத்தச் சொன்னார், காலைத் தூக்கச் சொன்னார், நாடியைப் பார்த்தார். உடனே ஓட வேண்டிய ஆபத்து எதுவும் தெரியவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துக் கட்டிலோரம் போட்டார்.

"நரம்பு டாக்டர் வர்ற வரைக்கும் இதுல உக்காந்திருங்க சார்."

"உக்காந்து?"

"சும்மா உக்காந்திருங்க. எதுவும் எழுத வேண்டாம்."

கோமதிநாயகத்துக்குச் சுருக்கென்றது. பெரிய பெரிய ஆபரேஷன் செய்தவனைக் காவலுக்கு உட்கார வைக்கிறாளே என்று நினைத்தார். ஆனாலும் குரு சொல்லாயிற்றே என்று உட்கார்ந்தார்.

அவர் உட்கார்ந்ததும் ஆவுடையப்பனின் மனைவி பகவதி அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ஏம்மா, என்னாச்சு?"

"அவுகளுக்கு முடியாமப் போச்சாய்யா?"

"யார் சொன்னது?"

"நீங்க உக்காந்துட்டியளே!"

"சும்மாதாம்மா உக்காந்தேன்."

"சும்மா எந்த டாக்டருய்யா உக்காருவாக?"

அவளைச் சமாதானப்படுத்துவதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதும் நியாயம்தான். நோயாளியின் பக்கத்தில் கடைசியாக எப்போது உட்கார்ந்தோம் என்று அவருக்கே நினைவில்லை.

கொஞ்ச நேரத்தில் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு மைமூன் வந்தாள். சாம்பார் வாசனை வார்டு முழுக்கப் பரவியது. சுவரைப் பார்த்துக் கிடந்த ஆவுடையப்பன் மெல்லத் திரும்பினார். ஒவ்வொரு கட்டிலாக வண்டி நின்று நின்று வருவதையே பார்த்தார். அவர் கட்டிலில் வண்டி நிற்கவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டது. ஆவுடையப்பன் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மைமூன், இவருக்கு?"

"இவருக்கு இன்னிக்கும் வெறும் வயிறு சார்."

"இன்னிக்குமா? யார் சொன்னது?"

"நீங்கதான் சார். மருந்து ஏத்தி ஸ்கேன் எடுக்கணும்னு."

"நேத்து?"

"ஹார்ட் டாக்டர் சொன்னாங்க."

"முந்தாநாள்?"

"வயித்து டாக்டர்."

கோமதிநாயகம் எழுந்துவிட்டார். முதல் நாள் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பதாக இருந்தது. அவசரக் கேஸ் ஒன்று வந்து தள்ளிப்போனது. மறுநாள் இதயத்துக்கான பரிசோதனை. மிஷின் பழுதாகி அதுவும் தள்ளிப்போனது. ஒவ்வொரு டாக்டரும் ஒரே ஒரு காலைப் பொழுதுக்குத்தான் வெறும் வயிறு கேட்டிருந்தார். தள்ளிப்போனதும் சாப்பிடலாம் என்று சொல்லத்தான் ஆளில்லை. யார் மேலும் தப்புச் சொல்ல முடியாது. மூன்றாவதாக அவரே ஒன்றை எழுதியிருந்தார். சர்ஜன் கை, நடுங்கினாலும் 'வெறும் வயிறு' என்பதை மட்டும் மறக்காமல் எழுதிவிட்டது. பகவதியிடம் திரும்பினார்.

"சாயங்காலம், ராத்திரியெல்லாம் என்னம்மா குடுத்தீங்க?"

"டீயும் பிஸ்கட்டும்தான்யா. ராத்திரிக்கு மேல எதுவும் குடுக்கக் கூடாதுன்னாக. பயத்துல அதுக்கு முன்னாடியும் நான் குடுக்கல."

அவர் குனிந்து சமையல்காரரின் தோளைத் தொட்டார்.

"அண்ணாச்சி, பசிக்குதா?"

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பசிக்கு சார்."

"ஏன் சொல்லல?"

"கல்யாண வீட்ல சமையக்காரன் கடைசிப் பந்தியிலதான சார் உக்காருவான்? எப்படியும் கூப்பிடுவாகன்னு கெடந்தேன். வாயத் தொறந்து சோறு கேட்டு எனக்குப் பழக்கமில்ல."

கோமதிநாயகத்துக்கு வெட்கமாக இருந்தது. எத்தனையோ வயிறுகளைத் திறந்து பார்த்தவர். இந்த வயிறு காலியாகக் கிடந்தது அவருக்குத் தெரியவில்லை.

அப்புறம் அவர் உட்காரவில்லை. ஸ்கேனை நிறுத்தச் சொன்னார். இதய டாக்டருக்குப் போன் போட்டார், வயிற்று டாக்டருக்குப் போன் போட்டார். இரண்டு பரிசோதனையையும் மறுநாள் காலை ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று இருவரையும் ஒத்துக்கொள்ள வைத்தார். அதுவரை தாராளமாகச் சாப்பிடலாம் என்று இருவருமே சொன்னார்கள். முதலில் கஞ்சி, கொஞ்சம் பொறுத்து இட்லி.

இரண்டாவது இட்லியில் ஆவுடையப்பனுக்கு வாய் திறந்தது.

"இந்தச் சாம்பார வச்சது யாரு? பெருங்காயத்த இப்படியா அள்ளிக் கொட்டுவான்?"

பகவதி சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர்களும் சிரித்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து நரம்பு டாக்டர் வந்தார். நோயாளியைப் பரிசோதித்தார், சாம்பார் வைக்கும் முறையைக் கேட்டுக்கொண்டார், போய்விட்டார்.

சாயங்காலம் கோமதிநாயகத்தின் சிநேகிதன் போன் செய்தான்.

"என்னடா முடிவு பண்ணினே?"

"இங்க ஒருத்தருக்குக் கஞ்சி குடுத்திருக்கேன். வயித்துல தங்குதான்னு பார்க்கணும். நாளைக்குக் காலையில ரெண்டு டெஸ்ட் இருக்கு. நீ வேற ஆளைப் பாரு."

பேசி முடித்துவிட்டுக் குருவிடம் வந்தார்.

"மேடம், அவர் பட்டினி கிடக்கார்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா உங்களை உக்கார வச்சிருப்பேனா? நானே ஓடிப்போய்க் கஞ்சி வாங்கிட்டு வந்திருப்பேன்."

"அப்போ எதுக்கு உக்காரச் சொன்னீங்க?"

"எனக்கும் ஒண்ணும் புரியல சார். புரியாதப்போ நான் உக்காந்துதான் பார்ப்பேன்."

கோமதிநாயகம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காலையில நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லல. இதயத்தை ஒருத்தர் எடுத்துக்கிட்டார். வயித்தை ஒருத்தர் எடுத்துக்கிட்டார். கிட்னியை ஒருத்தர் எடுத்துக்கிட்டார். நமக்கு எது மேடம்?"

ஜன்னலோரத்தில் ஆவுடையப்பன், மைமூனை நிறுத்திவைத்து ரசத்துக்கு எப்போது தாளிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கிருபாவதி அந்தப் பக்கம் பார்த்தார்.

"எல்லாரும் அவங்கவங்க பங்கை எடுத்துக்கிட்டுப் போன பிறகும், கட்டில்ல ஒரு ஆள் மிச்சம் இருக்கார் பாருங்க சார். அவர்தான்."