மூக்கடைத்த மருந்துக்காரன்

மூங்கில்காட்டுக்கு மருந்துக்காரன் சிலிர்ப்பன் என்ற முள்ளம்பன்றி. கிழங்கு தோண்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. தோண்டியதைக் காயவைத்து, தூளாக்கி, மூங்கில் குழாய்களில் அடைத்துத் தன் வளைக்குள் வைத்திருப்பான்.

தூளான பிறகு எல்லாம் ஒரே நிறம்தான். கோரைக்கிழங்குத் தூள் காய்ச்சலுக்குக் குடிப்பது. கண்வலிக்கிழங்குத் தூள் உண்ணி சாக மேலே பூசுவது. பூசுவதைக் குடித்தால் உயிர் போய்விடும்! கோரை கமகமவென்று மணக்கும். மற்றது அப்படி மணக்காது. இரண்டையும் பிரித்துச் சொல்ல மூக்கு ஒன்றுதான் வழி.

அதனால் அந்தக் காட்டில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. எந்த மருந்தையும் இரண்டு மூக்கு முகர்ந்த பிறகே கொடுக்க வேண்டும். முதல் மூக்கு சிலிர்ப்பனுடையது. இரண்டாவது, தவனம் என்ற புனுகுப்பூனையுடையது. மருந்துக்காரனுக்கு உடம்பு முடியாவிட்டால் வளை வாசலில் ஒரு முள்கிளையை இழுத்துப் போட்டுவிட வேண்டும். முள்ளைப் பார்த்தவர்கள் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கீரியிடம் மருந்து வாங்கிக்கொள்வார்கள்.

அந்தக் கோடையில் காட்டோரம் தீப்பிடித்தது. புகை வளைக்குள் புகுந்தது. சிலிர்ப்பன் இருமிக்கொண்டே குழாய்களை வெளியே உருட்டிக் காப்பாற்றினான். தீ அணைந்தது. ஆனால் அவன் மூக்கு போய்விட்டது! மல்லிகையும் சாணமும் அவனுக்கு ஒன்றாகிவிட்டன.

முள்கிளையைப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. கீரியிடம் போகிறவர்கள் அப்படியே அங்கேயே தங்கிவிட்டால்? 'மருந்துக்காரரே' என்று வாய்நிறையக் கூப்பிட அப்புறம் யார் வருவார்கள்? அந்த நினைப்பே அவனுக்குப் பொறுக்கவில்லை.

தவனம் வந்தாள். "அண்ணே, குழாயெல்லாம் கலஞ்சு கெடக்கே! வாங்க, முகர்ந்து அடுக்கிடலாம்."

அவள் கூட உட்கார்ந்தால் குட்டு உடைந்துவிடுமே! "நீ வேண்டாம். நானே பாத்துக்கிறேன்" என்றான் சிலிர்ப்பன்.

"ரெண்டாவது மூக்கு?"

"என் மூக்கு ஒண்ணே பத்து மூக்குக்குச் சமம்! போன்னா போ!"

முட்கள் சடசடவென்று சிலிர்த்தன. தவனம் முகம் வாடிப் போய்விட்டாள். சிலிர்ப்பன் குழாய்களை ஞாபகத்தை நம்பி அடுக்கினான். இது கோரை, இது கண்வலி, இப்படித்தானே இருந்தது? மூக்கை வைத்து வைத்துப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

மறுநாள் காட்டுப்பன்றி தடியன் உண்ணிக்கு மருந்து வாங்கிப் போனான். அவன் எதையும் கேட்கிற ஆளில்லை. அதற்கடுத்த நாள் காலையில் புள்ளிமான் ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"மருந்துக்காரரே! என் குட்டி பொட்டுக்கு ஒடம்பு அனலா கொதிக்குது. கண்ணே தொறக்க மாட்டேங்குறா!"

சிலிர்ப்பன் ஒரு குழாயை எடுத்து, மூக்கருகில் பெரிதாக இழுத்து முகர்ந்து காட்டினான். நடிப்புக்கு ஒரு குறையுமில்லை. தூளை இலையில் பொட்டலமாக மடித்துக் கொடுத்தான். "தண்ணியில கரைச்சு ஊத்தும்மா."

மான் தயங்கினாள். "தவனம் முகரலீங்களா?"

"என்மேல சந்தேகமா?"

"ஐயோ, இல்லீங்க!" பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் பறந்தாள்.

அவள் தலை மறைந்த சிறிது நேரத்தில் தடியன் உறுமிக்கொண்டு வந்தான். "யோவ் சிலிர்ப்பா! என்னய்யா மருந்து குடுத்தே? உண்ணி ஒண்ணுகூட சாகல! மேலெல்லாம் கமகமன்னு மணக்குது. என் பொண்டாட்டி என்னப் பாத்து சிரிக்கிறா!"

சிலிர்ப்பன் குழாய்களைத் திரும்பிப் பார்த்தான். கமகமவென்று மணப்பது கோரை. உண்ணிக்குப் போனது கோரை என்றால், மானின் பொட்டலத்தில் இருப்பது?

கண்வலி!

"காய்ச்சலில் செத்தது என்றுதான் நினைப்பார்கள். யாருக்குத் தெரியப்போகிறது?" என்று அவனுக்குள் ஒரு குரல் சொன்னது. இப்படியும் தனக்கு நினைக்க வந்ததே என்று அவனுக்கே உடம்பு கூசியது. அடுத்த கணம் ஓடினான்.

முள்ளம்பன்றியின் கால் எவ்வளவு தூரம் ஓடும்? நாவல் மரத்தடியிலேயே மூச்சு முட்டிவிட்டது. கிளையில் ஒரு மந்தி பழம் தின்றுகொண்டிருந்தது.

"மந்தி! ஒரு குரல் குடு! மருந்தக் குடுக்க வேண்டாம்னு அந்த மானுக்குச் சொல்லு!"

"ஏன்?"

"ஏன்னு கேக்காதே! சொல்லு!"

"குட்டி சாகக் கெடக்குறப்போ, காரணம் சொல்லாம எந்தத் தாய் மருந்தக் கீழ வைப்பா?" என்றது மந்தி. "நான் கத்துனா மரத்துக்கு மரம் போய் காடு முழுக்கக் கேக்கும். என்ன சொல்லட்டும்? சீக்கிரம் சொல்லு!"

காடு முழுக்க! சிலிர்ப்பன் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான். கண்ணுக்குள் பொட்டுவின் மூடிய கண்கள் வந்து நின்றன.

"அது விஷம்னு சொல்லு!" என்று அலறினான். "சிலிர்ப்பனுக்கு மூக்கு போயிடுச்சு, மறைச்சிட்டான், மருந்து மாறிப்போச்சுன்னு சொல்லு!"

மந்தி பழத்தை வீசிவிட்டுக் கத்தியது. அடுத்த மரம் கத்தியது. அதற்கடுத்த மரம் கத்தியது. சிலிர்ப்பனின் மானம் மலையேறி அந்தப் பக்கம் இறங்கியது.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. அவன் மண்ணில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தான். பூசுகிற கிழங்கைத் தோண்டியதும் அவன்தான், இடித்ததும் அவன்தான்.

கடைசியில் மரங்கள் வழியே பதில் திரும்பி வந்தது. "கொட்டிட்டா! வாய்கிட்ட வரைக்கும் கொண்டுபோயிட்டா, ஆனா கொட்டிட்டா!"

சிலிர்ப்பன் விக்கி விக்கி அழுதான். ஆனால் காய்ச்சல் அப்படியேதானே இருக்கிறது? தவனம் கூப்பிடாமலே ஓடிவந்து கோரைக் குழாயை முகர்ந்து எடுத்தாள். அக்கரைக் கீரி வந்து இரண்டாவதாக முகர்ந்தது. தடியன் அதைச் சுமந்துகொண்டு மலை தாண்டி ஓடினான். சாயங்காலம் பொட்டு கண் திறந்தாள்.

குளக்கரையில் எல்லாரும் கூடினார்கள். "மழைக்காலம் முடியற வரைக்கும் உன் வளைக்கு முள்ளு," என்றது காட்டுக்கு மூத்த யானை. "அப்புறம் எங்க முன்னால முகர்ந்து காட்டு. தப்பா சொன்னா, கிழங்கு தோண்டுறதோட நிறுத்திக்க."

மான் மட்டும் அவன் பக்கம் திரும்பவில்லை. "மூக்கு போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஆத்தைத் தாண்டியிருப்பேனே," என்றாள்.

சிலிர்ப்பன் வளைக்குத் திரும்பினான். ஒரு முள்கிளையை வாயால் கவ்வி இழுத்து வந்து, தன் வாசலில் தானே போட்டான்.

பிறர் உயிரைக் கையில் வைத்திருப்பவன், தன்னால் முடியாதபோது முடியவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.