இரண்டு கட்டில், இரண்டு வயர்

“அப்பாவைக் கொன்னது மெஷினா, நானா? அதை மட்டும் சொல்லுங்க டீச்சர்.”

இசக்கிமுத்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்று கேட்டான். கையில் ஒரு மஞ்சள் பை. காரியத்துக்கு அடித்த மொட்டையில் இன்னும் சரியாக முடி முளைக்கவில்லை.

ஸ்டெல்லா டீச்சர் அவனைவிட வயதில் சின்னவள். கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொடுப்பவள். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு அவன் அவளிடம்தான் புரோகிராம் எழுதப் படித்தான்.

“உக்காருங்க அண்ணாச்சி.”

“உக்கார வரல. பதில் கேட்டு வந்தேன்.”

“அப்ப நின்னுக்கிட்டே சொல்லுங்க. என்ன நடந்துச்சு?”

நடந்தது இதுதான்.

அவன் வீட்டில், ஒரே அறையில் இரண்டு கட்டில். ஒன்றில் மூச்சிளைப்புக்கார அப்பா. இன்னொன்றில் ஒரு பக்கம் வாதம் வந்து பேச்சு போன அம்மா. இரண்டு பேர் விரலிலும் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப்பை மாட்டினான். இரண்டு வயரையும் ஒரே கம்ப்யூட்டரில் செருகினான்.

கம்ப்யூட்டர் அவற்றுக்குத் தானாகவே பேர் வைத்தது. ஒன்று, யூஎஸ்பி பூஜ்யம். மற்றது, யூஎஸ்பி ஒன்று.

பூஜ்யம் என்றால் அப்பா, ஒன்று என்றால் அம்மா என்று இவன் புரோகிராமில் எழுதினான். அளவு இறங்கினால் மணி அடிக்கும். யாருக்கு இறங்கியதோ அவர் பேர் திரையில் வரும். மனுஷனுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. வந்தவர் போனவரையெல்லாம் பிடித்து உட்கார வைத்துக் காட்டினான்.

ஒரு மத்தியானம் கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது.

கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. திரையில் அம்மா பேர்.

“ஓடிப்போய் அம்மாவுக்கு ஆக்சிஜன் வச்சேன் டீச்சர். வீட்ல இருந்ததே ஒரு சிலிண்டர்தான். மணி நிக்கவே இல்ல. அம்மா நம்மள விட்டுப் போகுதுன்னு நெனச்சு, பக்கத்துலயே உக்காந்துட்டேன். திரும்பிப் பாத்தா… அப்பா போயிட்டாரு.”

சொல்லும்போது அவன் அழவில்லை. பாவம், அழுது தீர்ந்துபோன ஆள்.

டீச்சர் கையை நீட்டினாள். அவன் பையைக் கொடுத்தான். உள்ளே அந்த இரண்டு கிளிப்புகளும் வயரோடு சுருண்டு கிடந்தன. ஒன்றில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. அது அப்பாவுடையது.

“இதுல நீங்களே செருகுங்க.”

அவள் கம்ப்யூட்டருக்கு முன்னால் அவன் உட்கார்ந்தான். முதலில் சிவப்பு நூல், பிறகு மற்றது. சிவப்பு நூலுக்குப் பூஜ்யம் என்று வந்தது.

“ரெண்டையும் உருவிட்டு, மத்ததை மொதல்ல செருகுங்க.”

செருகினான். பூஜ்யம் என்று வந்தது.

“இது அம்மாவோடதுல்லா?”

“ஆமா. மொதல்ல வாரதுக்குப் பூஜ்யம். அது ஆளோட பேரு இல்ல அண்ணாச்சி. வரிசையில கெடச்ச எடம்.”

“அப்ப அன்னைக்குக் கரண்ட் வந்தப்ப…”

“அம்மாவோடது முந்தியிருக்கு. அப்பாவுக்கு மூச்சு எறங்குனது, அம்மா பேர்ல வந்துருக்கு.”

இசக்கிமுத்து திரையில் இருந்த பூஜ்யத்தை விரலால் தொட்டான்.

“அப்ப கொன்னது மெஷின்தான்” என்றான்.

சிவப்பு நூல் கட்டியதையும் எடுத்துச் செருகினான்.

“ஒவ்வொரு கிளிப்புக்குள்ளயும் அதுக்குன்னு ஒரு நம்பர் இருக்கும்லா? அதைக் கேட்டிருந்தா எது யாருதுன்னு சொல்லியிருக்கும்லா?”

“கம்ப்யூட்டர்கிட்ட கேட்டுப் பாருங்க.”

கேட்டான். திரையில் இரண்டு வரிகள் வந்தன. இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். மலிவுச் சரக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே நம்பரைப் போட்டுக் கடைக்கு அனுப்பியிருந்தார்கள்.

“எந்தத் துளையில செருகியிருக்குன்னு பாத்துப் பேர் வச்சா?”

“வைக்கலாம். வீடு கூட்டும்போது யாராவது உருவி மாத்திச் செருகுத வரைக்கும் சரியா இருக்கும்.”

“அப்ப எது யாரோடதுன்னு எப்படித்தான் டீச்சர் கண்டுபிடிக்க?”

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்திவிட்டான்.

டீச்சர் அவன் எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு கிளிப்பை எடுத்து அவன் விரலில் மாட்டினாள். திரையில் எண் வந்து நின்றது.

“கையைத் தூக்குங்க.”

தூக்கினான். எண் தாவியது. பிறகு காணாமல் போனது.

“இப்படி ஆட்டக் கூடாது டீச்சர். ஆட்டுனா அளவு காட்டாது. அன்னைக்கும் அம்மா கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம…”

நிறுத்திவிட்டான்.

“அம்மா மொகம் எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?”

“நல்லாத்தான் இருந்துச்சு.” குரல் அடங்கிவிட்டது. “கண்ணை நல்லா முழிச்சு என்னையே பாத்துச்சு.”

“கை?”

அவன் கை மெல்ல எழுந்தது. எதிரே இருந்தவளின் தோளைத் தாண்டி, அவள் முதுகுப் பக்கமாக நீண்டது. அங்கே வெறும் சுவர்தான் இருந்தது. கை இறங்கியது. மறுபடி எழுந்து அங்கேயே நீண்டது.

“அப்பா கட்டிலைக் காட்டிச்சு டீச்சர். எனக்குப் பின்னாடி. திரும்பத் திரும்பக் காட்டிச்சு.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“அளவு கெட்டுப்போகும்னு, அந்தக் கையைப் பிடிச்சு அமுக்கி வச்சிருந்தேன்.”